வேடம் காட்டுவதும் மறைப்பதும்: திருப்பதி கங்கம்மா ஜாத்திரையும் மாணவர் கலைவழி ஆய்வும்

நம்பிக்கை, சாதி, பெண்ணின் நிலை ஆகியவற்றை ஆராயப் புகும் மாணவர்கள் ஓவியத்தையும் கூத்தையும் துணிச்சித்திரத்தையும் கருவியாகக் கொள்வது இன்று புதிதன்று. ஆனால் ஆய்வேட்டில் அவற்றுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் பின்னிணைப்புதான். முடிவுகளை எழுத்தில் சொல்லிவிட்டு, அழகுக்குச் சில படங்களைச் சேர்க்கிறோம். சித்தூர், திருப்பதி வட்டாரத்தைப் பொறுத்தவரை இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். அங்கே மக்கள் தெய்வத்தையும் அதிகாரத்தையும் பற்றிச் சிந்திப்பதே வேடத்திலும் வண்ணத்திலும்தான். அந்தச் சிந்தனையைப் படிக்க விரும்பும் மாணவர் அதன் மொழியில் கைபழக வேண்டும். பழகிய பிறகே அந்தக் கலை எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் பிடிபடும்.

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு மே மாதத்தை ஒட்டி நடக்கும் ஜாத்திரையின் கதை எளிமையானது. ஊர்ப் பெண்களைச் சீரழித்துவந்த பாளையக்காரன் ஒருவன், அவிலாலாவில் வளர்ந்த கங்கம்மாவையும் தீண்ட முற்படுகிறான். அவள் தன் பேருருவைக் காட்டியதும் ஓடி ஒளிகிறான். அவனைத் தேடி அவள் நாளுக்கொரு வேடம் பூணுகிறாள்: பைராகி, பண்டா, தோட்டி, தொரை, மாதங்கி. இவ்வேடங்களைக் கட்டும் உரிமை கைகால எனப்படும் நெசவாளர் குலத்துக் குடும்பத்தினருடையது. பொதுமக்களும் விலகி நிற்பதில்லை. ஒரு நாள் வெண்மண், மறுநாள் குங்குமம், அடுத்த நாள் கரி, பின்னர் சந்தனம் என்று உடலில் பூசிக்கொண்டு தெருவில் இறங்குகிறார்கள். ஜாத்திரையின் முடிவில் ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். கங்கம்மா திருமலையானின் தங்கை என்பதால் தேவஸ்தானத்திலிருந்து சீர்வரிசையாகப் புடவையும் மஞ்சள் குங்குமமும் வருகின்றன.

ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் 2013இல் வெளியிட்ட ஆங்கில நூல் இந்த ஜாத்திரையைப் பற்றிய முக்கியமான ஆய்வு. ஆண்கள் வேடத்தின் வழியே பெண்மையை அணுகி மாற்றம் பெறுகிறார்கள்; பெண்களுக்கு அந்த வேடம் தேவையில்லை, அவர்கள் அம்மனின் சக்தியில் ஏற்கெனவே பங்குள்ளவர்கள் என்பது அவர் தரும் விளக்கம். பாலினம் பற்றிய அவருடைய வாசிப்பை ஏற்கிறேன். ஆனால் வேடங்களை வரிசையாகத் தாளில் தீட்டிப் பார்க்கும் ஒரு மாணவருக்கு வேறொன்றும் தென்படும். கரி பூசிய தோட்டி ஊருக்கு ஏவல் செய்பவன். அவனுக்கு மறுநாளே ஆண்டையான தொரை வருகிறான். ஒளிந்திருந்த பாளையக்காரன் தன் ஆண்டை வந்துவிட்டார் என்று நம்பி வெளியே வர, தொரை வேடத்தில் இருக்கும் அம்மன் அவன் தலையைக் கொய்கிறாள். அடுத்து அவள் மாதங்கியாகி, கணவனை இழந்தவளுக்கு ஆறுதல் சொல்லப் போகிறாள். தண்டனை வழங்க ஆண்டையின் உடை, துயர் துடைக்கத் தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடை. கதையைச் சுருக்கி எழுதும்போது இது கண்ணில் படாமல் போகலாம். பக்கத்துப் பக்கமாக இரண்டு உடலையும் தீட்டும் கை இதைத் தவறவிடாது.

மாதங்கி வேடத்தில்தான் ஆய்வு கடினமாகிறது. தாழ்த்தப்பட்ட மாதிகர் சமூகத்துப் பெண்ணொருத்தி மாதங்கியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதையும், அவள் மேல்சாதியாரை ஏசி எச்சில் உமிழ அதை அவர்கள் புனிதமாக ஏற்பதையும் எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியான தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். இதே வட்டாரத்தில், எல்லைக்கு இப்பால் திருவள்ளூர் மாவட்டத்திலும், நோயுற்ற பெண்குழந்தையை மாதம்மா என்னும் அம்மனுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் இருந்துவருகிறது. பொட்டுக்கட்டியபின் அவளுக்குத் திருமணம் இல்லை. திருவிழாவில் ஆட வேண்டும். ஆண்களின் சுரண்டலுக்கும் ஆளாகிறாள். இந்த நேர்த்தியைத் தடுக்கும் ஆந்திரச் சட்டம் 1988இலேயே வந்துவிட்டது. இருந்தும் 2017இல் தேசிய மனித உரிமை ஆணையம் இரு மாநில அரசுகளுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரு நாள் மாதங்கி வேடம் கட்டும் ஆணின் காலில் ஊர் விழுகிறது. ஆயுள் முழுதும் அம்மனுக்கு உரியவளாக்கப்பட்ட பெண்ணோ ஊருக்கு வெளியே வசிக்கிறாள். திருவிழாவின் வண்ணத்தோடு நின்றுவிடும் கலைவழி ஆய்வு இந்த இடைவெளிக்குத் துணைபோகிறது என்றே சொல்வேன்.

இங்கே ஒளிப்படக்கருவி உதவாது. உண்மையில் அது தீங்கு செய்யும். நேர்ந்துவிடப்பட்ட பெண்ணின் முகம் வெளியானால் அவள் பிள்ளைகளின் பள்ளிவரை அது பின்தொடரும். இதற்கு வழி பக்கத்திலேயே இருக்கிறது. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி, ஒரு நீண்ட கதையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கீழே தெலுங்கு எழுத்தோடு துணியில் சொல்லும் மரபு. கடுக்காயும் பாலும் ஏற்றிய பருத்தித் துணியில் புளியங்குச்சிக் கரியால் கோடிட்டு, இரும்பும் வெல்லமும் ஊறிய கருநீரை மூங்கில் எழுதுகோலால் இழுக்கிறார்கள். படிகாரம் தடவிய இடம்தான் சிவப்பைப் பிடிக்கும். பலருடைய வாழ்க்கையை ஒரே உருவமாக்கி, எவரையும் அடையாளம் காட்டாமல் சொல்ல இந்த வடிவம் இடம்தருகிறது. வேலை மெதுவானது என்பதும் ஆய்வாளருக்கு நன்மையே. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே கதைக்கு உரியவர்களிடம் துணியை விரித்துக் காட்டி, 'இப்படித்தான் நடந்ததா?' என்று கேட்க முடிகிறது.

கலையைச் சான்றாகக் கொள்ள முடியாது, அழகு வலியை மழுங்கடிக்கும் என்ற மறுப்பு உண்டு. இரண்டாவது பகுதியில் நியாயம் இருக்கிறது. தேர்ந்த கை எந்தத் துயரத்தையும் அலங்காரமாக்கிவிடும். முதல் பகுதிக்கு விடை நடைமுறையில் உள்ளது. நாளும் இடமும் குறித்த வரைவேடுகளையும், கைவிட்ட வரைவுகளையும், ஏன் கைவிட்டோம் என்ற குறிப்பையும் சேர்த்து அளித்தால், நேர்காணல் பதிவுக்கு இருக்கும் சரிபார்ப்புத் தகுதி இதற்கும் வந்துவிடும்.

கலையோடு புழங்கும் ஆய்வு தான் ஆராயும் களத்தையே மாற்றக்கூடும் என்பதற்குக் காஞ்சிபுரத்தருகே சான்று இருக்கிறது. கட்டைக்கூத்து பற்றி லெய்டனில் முனைவர் ஆய்வு செய்த ஹன்னா டி ப்ரூயின், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலோடு இணைந்து 1990இல் உருவான கட்டைக்கூத்துச் சங்கத்தில் உழைத்தார். ஆண்களே ஆடிவந்த கூத்தில் அவர்களுடைய குருகுலம் சிறுமிகளையும் பயிற்றுவித்தது. பாரதக் கதையை ஆடும் இத்தகைய கூத்து சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதி கோயில்களிலும் நடப்பது; எனவே இந்த முன்னுதாரணம் அங்கே அந்நியமானதன்று.

திருப்பதியில் ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இத்தகைய ஆய்வேடுகளை மதிப்பிடும் குழுவில் பேராசிரியர்களோடு ஒரு கலம்காரிக் கலைஞரோ வேடம் கட்டுபவரோ உறுப்பினராக வேண்டும். மாதம்மாவுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்களைப் பற்றிய படைப்பென்றால், அதைக் காட்சிக்கு வைக்கலாமா, எங்கே வைக்கலாம் என்ற முடிவு அந்தப் பெண்களுடையதாக இருக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் துணி அவர்களிடமே போகட்டும். அதன் காரணத்தைப் பதிவு செய்த ஆய்வேட்டுக்கு மதிப்பெண் குறையக் கூடாது.