ஒரு திருகாணியும் ஒரு ரப்பர் குழாயும் - டர்போ ரோட்டரி இன்ஜினில் பெட்ரோல் அழுத்தத்தின் கதை

போன செமஸ்டர் லேப் வைவாவில் சார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இன்ஜெக்டருக்குப் போகிற பெட்ரோலின் அழுத்தம் எவ்வளவு இருக்கணும்?"

எனக்குத் தெரிந்த கேள்வி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "2.5 பார், சார்" என்றேன்.

"எதை விட 2.5 பார்?"

திருதிருவென்று முழித்தேன். பக்கத்தில் நின்ற நண்பன் கூரையைப் பார்த்தான். சார் எதுவும் சொல்லாமல் மார்க் போட்டுவிட்டார் (எவ்வளவு என்று கேட்காதீர்கள்). அந்த 'எதை விட' என்ற கேள்வி மட்டும் மண்டைக்குள்ளேயே இருந்தது. விடை தேடிப் போனதில் அகப்பட்டதுதான் இந்தக் கதை. இதை ரோட்டரி இன்ஜினை வைத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண பிஸ்டன் இன்ஜின் இந்த விஷயத்தில் நாம் செய்யும் தப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். டர்போ வைத்த ரோட்டரி பொறுக்காது. ஒரே தடவையில் கதை முடிந்துவிடும்.

ரோட்டரியைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். இதில் மேலும் கீழும் போகும் பிஸ்டன் கிடையாது. இடுப்பு ஒட்டிய முட்டை வடிவக் கூட்டுக்குள், பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம் சுற்றி வருகிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஆளுக்கொரு சீல். அபெக்ஸ் சீல் என்பார்கள். கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடி, ஓர் அறையின் வாயு அடுத்த அறைக்குப் போகாமல் தடுப்பது அதன் வேலை. ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய முதல் இன்ஜின் என்எஸ்யு கம்பெனியில் 1957-ல் ஓடியது. 1961-ல் ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ (இன்றைய மஸ்டா) உரிமம் வாங்கியது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு உட்கார்ந்து போராடியது. அவர்களைத் தூங்கவிடாமல் செய்ததும் இந்த அபெக்ஸ் சீல்தான். கூட்டின் உள்சுவரில் அலை அலையாகக் கீறல் போட்டது. 'பிசாசின் நகக் கீறல்' என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கார்பனும் அலுமினியமும் கலந்த சீல் செய்து அதைத் தாண்டி, 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

சீல் என்ற இந்த ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள். கடைசியில் அங்கேதான் வரப்போகிறோம்.

காஸ்மோ ஸ்போர்ட்டில் இருந்தது கார்புரேட்டர். கார்புரேட்டர் காலத்தில் பெட்ரோல் அழுத்தத்தைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. மிதவைக் கிண்ணத்தை நிரப்ப 0.2, 0.3 பார் இருந்தால் போதும். கிண்ணம் நிறைந்ததும் மிதவை வழியை அடைத்துவிடும். அதன்பிறகு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் காற்றின் உறிஞ்சலும் ஜெட்டின் துளையும் முடிவு செய்தன.

காஸ்மோ வந்த அதே 1967-ல் ஜெர்மனியில் இன்னொன்றும் வந்தது. பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக், ஃபோக்ஸ்வாகன் 1600 காரில். அமெரிக்காவின் பெண்டிக்ஸ் 1950களில் செய்து பார்த்து, சரிவராமல் விட்ட எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷனின் வாரிசு இது. இங்கேதான் அழுத்தத்தின் ஜாதகம் மாறுகிறது. இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு குழாய், அவ்வளவுதான். எத்தனை சொட்டு விழுந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைத்தோம் என்பது மட்டும் தெரியும். நேரத்தை அளந்தால் அது பெட்ரோலை அளந்ததாக வேண்டும் என்றால், ஒரு மில்லிசெகண்டில் விழும் அளவு மாறவே கூடாது. அதற்கு அழுத்தம் ஆடக் கூடாது. ஆக, அழுத்தம் என்பது இங்கே தராசின் படிக்கல் மாதிரி. படிக்கல்லே எடை மாறினால் தராசு எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

டி-ஜெட்ரானிக்கில் அந்தப் படிக்கல் சுமார் 2 பார். ரெகுலேட்டரின் தலையில் ஒரு திருகாணி இருக்கும். மெக்கானிக் அழுத்த மானியை மாட்டி, திருகாணியைத் திருப்பி, சரியான இடத்தில் நட்டை இறுக்கிவிடுவார்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. பெட்ரோல் போய் விழும் இடம் வெட்டவெளி அல்ல, இன்ஜினின் காற்றுக் குழாய், அதாவது மேனிஃபோல்ட். இன்ஜின் சும்மா ஓடும்போது அங்கே உறிஞ்சல் இருக்கும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் இருக்காது. பஸ் நிறுத்தத்தில் காலி பஸ்ஸில் ஏறுவதற்கும், உள்ளிருந்து கூட்டம் இறங்கித் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். நீங்கள் அதே பலத்தோடுதான் தள்ளுகிறீர்கள். உள்ளே போவது எவ்வளவு என்பது எதிரே வரும் தள்ளைப் பொறுத்தது.

1970களின் நடுவில் வந்த எல்-ஜெட்ரானிக் இதற்கு ஒரு அழகான வழி கண்டது. ரெகுலேட்டருக்குள் ஒரு டயாஃப்ரம். அதன் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் இருக்கும் அறையை மேனிஃபோல்டோடு ஒரு மெல்லிய ரப்பர் குழாயால் இணைத்துவிட்டார்கள். மேனிஃபோல்டில் உறிஞ்சல் கூடினால் பெட்ரோல் அழுத்தமும் அந்த அளவு இறங்கும். அங்கே அழுத்தம் ஏறினால் இங்கேயும் ஏறும். மானியில் முள் ஆடிக்கொண்டே இருக்கும், ஆனால் இன்ஜெக்டரின் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 2.5 பார் என்றே நிற்கும். கூடவே திருகாணியையும் எடுத்துவிட்டார்கள். அழுத்தத்தைத் தொழிற்சாலையே வைத்து மூடிவிட்டது. தப்பாகக் காட்டினால் புதுசு மாற்று, திருகாதே!

சாரின் கேள்விக்கு விடை இதுதான். மேனிஃபோல்டை விட 2.5 பார். (இப்போது தெரிந்து என்ன செய்ய!)

மறுபடியும் ஹிரோஷிமா. 1973 எண்ணெய் நெருக்கடியில் ரோட்டரி பலமாக அடி வாங்கியது, ஏனென்றால் அது பெட்ரோல் குடிக்கும் இன்ஜின். மஸ்டா வங்கிகளின் தயவில் பிழைக்க வேண்டியதாயிற்று. 1978-ல் ஆர்எக்ஸ்-7 வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. அடுத்த கேள்வி, பலத்தைக் கூட்டுவது எப்படி? ரோட்டரியின் வெளியேற்றும் துளை சட்டென்று திறக்கும், வெளிவரும் புகை அதிக சூடு. டர்போவைச் சுழற்ற இதைவிட என்ன வேண்டும்? 1982-ல் 12ஏ டர்போவோடு காஸ்மோ வந்தது. வெறும் 1146 சிசி, 160 குதிரைத்திறன். விற்பனைக்கு வந்த முதல் டர்போ ரோட்டரி கார் அது. அடுத்த வருடம் ஆர்எக்ஸ்-7, 1985-ல் 13பி டர்போ, 1990-ல் மூன்று ரோட்டர் யூனோஸ் காஸ்மோ, 1991 கடைசியில் இரட்டை டர்போ வைத்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 (எஃப்டி என்று ரசிகர்கள் அழைப்பது) 255 குதிரைத்திறனோடு.

அதே 1991-ல் லெ மான் பந்தயத்தில் ஜெயித்த 787பி காரில் டர்போ கிடையாது. நான்கு ரோட்டர், சாதாரணக் காற்று. ரோட்டரியின் மிகப் பெரிய வெற்றி டர்போ இல்லாமல் வந்தது என்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

எஃப்டியில் அந்த ரப்பர் குழாய்க்கு எவ்வளவு வேலை பாருங்கள். முதல் டர்போ சுமார் 0.7 பார் தள்ளும். 4500 சுற்றில் இரண்டாவது டர்போ சேரும்போது கொஞ்சம் இறங்கி, மறுபடி 0.7 ஏறும். பெட்ரோல் அழுத்தமும் இதற்குத் தகுந்தாற்போல் 3.2-க்கு ஏறி, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டாக மொத்தம் நான்கு இன்ஜெக்டர்கள். சிறியவை நிமிடத்துக்கு 550 சிசி, பெரியவை 850 சிசி.

இப்போது அந்தக் குழாய் சூட்டில் வெடித்துக் கழன்றுவிட்டது என்று வையுங்கள். பெட்ரோல் அழுத்தம் 2.5-லேயே நிற்கிறது. எதிரே 0.7 தள்ளுகிறது. மிச்சம் 1.8. துளை வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது 17-ம் நூற்றாண்டில் டாரிசெல்லி காட்டிக்கொடுத்த கணக்கின் வழி வந்தது. 1.8-ஐ 2.5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.85. அதாவது 15 சதவீதம் பெட்ரோல் குறைவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11 பங்கு காற்று என்று பாதுகாப்பாக இருந்த கலவை 13 ஆகிவிடும். டர்போ முழுசாகத் தள்ளும் நேரத்தில் அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் அறையைக் குளிர்விக்கிறது. அது போனால் நாக்கிங். ஓட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. மெலிந்த கலவையில் வண்டி இன்னும் சுறுசுறுப்பாக ஓடுவது போலக்கூடத் தோன்றும்!

பிஸ்டன் இன்ஜின் கொஞ்ச நேரம் 'டக டக' என்று தட்டி எச்சரிக்கும். ரோட்டரியில் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அபெக்ஸ் சீல் அந்த அடியைத் தாங்காமல் உடைந்துவிடும். ஒரு சீல் போனால் அதன் இருபக்கத்து அறைகளும் போச்சு. உடைந்த துண்டு கூட்டின் சுவரைக் கீறிவிட்டு, வெளியேற்றும் துளை வழியாகப் போய் டர்போவின் இறக்கைகளையும் பதம் பார்க்கும். 1960களில் ஆறு வருடம் போராடி வென்ற அதே சீல்!

மஸ்டா இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. சாதாரண ஓட்டத்தில் பெட்ரோல் பம்புக்குக் குறைந்த வோல்ட்டேஜ், டர்போ தள்ளும்போது முழு வோல்ட்டேஜ். இன்ஜின் சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் செய்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகாமல் இருக்க, ஒரு சின்ன சோலனாய்டு ரப்பர் குழாயின் உறிஞ்சலைச் சற்று நேரம் துண்டித்து அழுத்தத்தை ஏற்றிவைக்கும். ரெகுலேட்டரில் மட்டும் திருகாணி இல்லை.

திருகாணியைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் ட்யூனிங் கடைக்காரர்கள். 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் காரின் கம்ப்யூட்டருக்குள் கைவைப்பது லேசான காரியமில்லை. டர்போ அழுத்தத்தைக் கூட்டுவதோ சுலபம். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் எங்கிருந்து வரும்? "நேரத்தை மாற்ற முடியாவிட்டால் படிக்கல்லை மாற்று" என்று கிளம்பினார்கள். டர்போ 1 பங்கு ஏறினால் பெட்ரோல் 1 பங்கு ஏறுவதற்குப் பதில், பல பங்கு ஏறும் ரெகுலேட்டர்கள் வந்தன. சிலவற்றில் 8 பங்கு வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.4 பார் டர்போ, எட்டு மடங்கு 3.2, அடிப்படையோடு சேர்த்து 5.7 பார். இவ்வளவு முக்கியும் இன்ஜெக்டர் வழியே கூடுவது சுமார் 45 சதவீதம்தான், வர்க்கமூலம் விடாது. அதோடு, அழுத்தம் ஏற ஏற பம்ப் தள்ளும் அளவு குறையும். பெட்ரோல் அதிகம் வேண்டிய நேரத்தில் பம்ப் மூச்சு வாங்கும்.

அதற்காக அவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இருந்த ஒரே கருவி அது. குறைந்த டர்போவில் பிஸ்டன் இன்ஜின்களில் பிழைத்தும் போனது. ரோட்டரியில்தான் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்றாயிற்று. சீல் உடைந்தது, "ரோட்டரியே நம்பிக்கையில்லாத இன்ஜின்" என்ற பெயர் நிலைத்தது. எஃப்டி இன்ஜின்கள் செத்ததற்கு சூடும், வெடித்த குழாய்களும், சைலன்சரை மாற்றியதும் எகிறிய டர்போவும் காரணம்தான். ஆனால் அவை எல்லாமே கடைசியில் கொன்றது பெரும்பாலும் காற்றுக்கேற்ற பெட்ரோல் போகாததால் என்பது என் கட்சி.

1986-ல் சிட்னியில் தொடங்கிய ஹால்டெக் போன்றவர்கள் நாமே எழுதக்கூடிய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்த பிறகு நேரத்தை மாற்றும் வழி கிடைத்தது. படிக்கல் மறுபடி படிக்கல் ஆனது. இன்று எஃப்டி வைத்திருப்பவர்கள் அழுத்தத்தை வைக்கும் முறை 1970களின் கருத்தேதான். வெளிக்கடைத் திருகாணி ரெகுலேட்டர், ஒரு அழுத்த மானி. இன்ஜின் ஓடும்போது ரப்பர் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, திருகாணியால் கம்பெனி சொன்ன 2.5 சொச்சத்தில் வைத்து நட்டை இறுக்க வேண்டும். குழாயை மாட்டியதும் முள் சுமார் 2-க்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குழாயில் ஓட்டை. குழாயை மாட்டி வைத்துக்கொண்டே 2.5 காட்டும்படி திருகுவதுதான் பலரும் செய்யும் தப்பு. பிறகு டர்போ தள்ளும்போது பார்க்க வேண்டும். டர்போ எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவே முள்ளும் ஏற வேண்டும். பின்தங்கினால் திருகாணியைத் தொடவே கூடாது. ஃபில்டர் அடைத்திருக்கும், பம்ப் தளர்ந்திருக்கும், அல்லது பம்புக்கு வோல்ட்டேஜ் சரியாகப் போகாமல் இருக்கும்.

2002-ல் ஆர்எக்ஸ்-7 நின்றது. 2003-ல் வந்த ஆர்எக்ஸ்-8-ல் டர்போவும் இல்லை, ரப்பர் குழாயும் இல்லை. ரெகுலேட்டர் பெட்ரோல் டாங்குக்குள்ளேயே போய்விட்டது. அழுத்தம் சுமார் 4 பார், நிலையாக. மேனிஃபோல்டு வித்தியாசத்தைக் கம்ப்யூட்டரே கணக்கில் சரிக்கட்டிக்கொள்ளும். அதில் பிறகு டர்போ மாட்டியவர்கள், குழாய் கழன்ற எஃப்டியின் அதே கணக்கை மறுபடி போட வேண்டியிருந்தது. 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் பேட்டரிக்கு மின்சாரம் தயாரிக்கும் ஜெனரேட்டராக ரோட்டரி திரும்பி வந்தது. ஒரே ரோட்டர், 830 சிசி, டர்போ இல்லை. பெட்ரோல் மேனிஃபோல்டில் விழுவதே இல்லை, நேராக எரியும் அறைக்குள் பாய்கிறது. அபெக்ஸ் சீலை மட்டும் 2.5 மில்லிமீட்டராகத் தடித்திருக்கிறார்கள்.