கார்ட்டூன் படத்திற் பாடலின் இடம்

பிள்ளைகளும் பெற்றோரும் ஒருங்கிருந்து பார்க்கும் கார்ட்டூன் படங்களுக்குப் பாடல்கள் வலுவூட்டுகின்றனவா, அன்றி அவற்றை நலிவுறச் செய்கின்றனவா என்ற வினா நெடுங்காலமாகவே எழுப்பப்பட்டு வருகிறது. பாடல் தொடங்கியதும் கதை நின்றுவிடுகிறது என்பர் ஒரு சாரார். கதை மறந்துபோன பின்னரும் பிள்ளையின் நாவில் நிற்பது பாடலே என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும், பாடலைப் பொதுப்பட வைத்து நன்றோ தீதோ என்று வாதிடுவதால் பயனில்லை. எந்தப் பாடல், எந்தச் சூழலில், யாருடைய குரலாக, எப்பணியைச் செய்வதற்கு வந்தது என்று வரலாற்றுவழி நின்று வினவுதல் வேண்டும்.

நடிகர் நடிக்கும் படத்தைவிடக் கார்ட்டூன் படம் இசையோடு நெருங்கிய உறவுடையது. ஒலிப்படத்தில் விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. வோல்ட் டிஸ்னியின் குழுவினர் 1928 நவம்பரில் நியூயோர்க்கிலே திரையிட்ட 'ஸ்டீம்போட் வில்லி' என்ற குறும்படத்தில், தாளத்தை முன்கூட்டியே படச்சட்டக் கணக்கில் வகுத்து, அதற்கியைய அசைவுகளை வரைந்தனர். ஓரடிக்குப் 12 சட்டங்கள் என்றால் நிமிடத்துக்கு 120 தாள அடிகள். பாத்திரத்தின் கால் ஊன்றும் கணமும் ஓசை எழும் கணமும் இவ்வாறு ஒன்றாயின. அசைவுக்கே இசை அடித்தளமாக அமைந்தது. அதேவேளை, மூன்று நிமிடப் பாடலொன்றுக்கு 4,320 படச்சட்டங்கள் தேவை. அவற்றுக்குரிய ஓவியங்கள் யாவும் மனிதக் கைகள் வரைந்து, மையிட்டு, வண்ணந் தீட்டியவை. ஒரு பாடலின் தகுதியைப் பற்றிப் பேசுங்கால் இவ்வுழைப்பை நாம் மறத்தலாகாது.

இப்பாடல்களின் சமூக ஆற்றல் முதன்முதலிற் பெரிதாக வெளிப்பட்டது 1933 இலே. அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வேலையற்றிருந்த ஆண்டு அது. அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த 'மூன்று பன்றிக்குட்டிகள்' என்ற குறும்படத்துக்குப் பிராங் சேர்ச்சில் இசையமைத்தார். ஓநாயைக் கண்டு அஞ்சோம் என்ற பொருள்பட அமைந்த அதன் பாட்டு நாடெங்கும் பரவிற்று. கதையின்படி அப்பாட்டைப் பாடுவோர் வைக்கோலாலும் குச்சியாலும் வீடு கட்டிய இரு சோம்பேறிகள். ஓநாய் வந்ததும் ஓட்டம் பிடிப்பவர்கள். கதை அவர்களை நகையாடுகிறது. மக்களோ அப்பாட்டை வறுமைக்கெதிரான துணிவின் குரலாக ஏற்றனர். பாடல் கதையைக் கடந்து சென்று, காலத்தின் தேவையோடு கைகோத்துக்கொண்டது.

1937 டிசம்பர் 21 ஆந் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதற் காட்டப்பட்ட 'ஸ்னோ வைட்' முழுநீளப் படமாகும். 83 நிமிடம் ஓடுவது. அதற்கென இருபதுக்கு மேற்பட்ட பாடல்கள் எழுதப்பட்டபோதும், படத்தில் இடம்பெற்றவை எட்டே. குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியொன்றை அதற்குரிய பாடலோடு வார்ட் கிம்பல் என்ற ஓவியர் அரும்பாடுபட்டு வரைந்திருந்தார். கதையோட்டத்தைத் தடுக்கிறது என்ற காரணத்தால் அது முழுவதுமே நீக்கப்பட்டது. சுரங்கத்திலிருந்து வீடு திரும்பும் குள்ளரின் நடைப்பாட்டோ நிலைத்தது. ஏனெனில், அவர்கள் யார், என்ன தொழில் செய்கின்றனர், எவ்வாறு கூடி வாழ்கின்றனர் என்பனவற்றை வேறெவ்வுரையாடலும் அத்துணைச் சுருக்கமாகக் கூறியிராது. கதையின் வேலையைச் செய்யும் பாட்டே கதையில் தங்கும் என்ற கலைநெறி இவ்வாறு அனுபவத்தாற் பெறப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே இப்படத்தின் பாடல்கள் இசைத்தட்டுத் தொகுப்பாக விற்பனைக்கு வந்தன. கதையின் உறுப்பாகப் பிறந்த பாடல் தனிச் சந்தைப் பண்டமாகவும் மாறிற்று. பிற்காலத்துச் சீர்கேடுகள் பலவற்றின் வித்து இங்கேயே உண்டு.

பாடலின் வலிமையையும் இழிவையும் ஒருங்கே காட்டுவது 1941 அக்டோபரில் வெளிவந்த 'டம்போ'. தன் குட்டியை எள்ளியோரை எதிர்த்த தாய் யானை, மதம் பிடித்ததெனக் கூண்டில் அடைக்கப்படுகிறது. கம்பிகளினூடே தும்பிக்கையை நீட்டிக் குட்டியைத் தாலாட்டுகிறது. தாய் வாய்திறந்து பாடவில்லை. பாடலை வேறொரு குரல் பாடுகிறது. படம் முழுவதிலும் அத்தாய் உச்சரிப்பது தன் மகனின் பெயரை மாத்திரமே. பேச்சு மறுக்கப்பட்ட உயிரின் துயரத்தைப் பாடல் தாங்கி நிற்கிறது. அதனை நீக்கினால் படம் தன் இதயத்தை இழக்கும்.

அதே படத்தில், கொட்டும் மழையில் இரவிரவாகச் சர்க்கஸ் கூடாரம் எழுப்பும் கறுப்பினத் தொழிலாளர்களையும் காண்கிறோம். அவர்களுக்கு முகமே வரையப்படவில்லை. கூலியை வீணடித்துக் களிக்கும் கூட்டத்தினராக அவர்களைத் தம் வாயாலேயே இகழ வைக்கிறது அவர்களுக்கென எழுதப்பட்ட தொழிற்பாட்டு. உழைப்பின் வடிவத்தை எடுத்துக்கொண்டு உழைப்பாளியை அவமதிப்பது இது. பிறிதோரிடத்தில், கோமாளிகள் முதலாளியிடம் ஊதிய உயர்வு கேட்கப் போவதாகப் பாடிச் செல்கின்றனர். இக்காட்சியின் பின்னணியை நாம் அறிதல் வேண்டும். 'ஸ்னோ வைட்'டின் அரசியை உயிர்ப்பித்த ஆர்ட் பாபிட் தொழிற்சங்கப் பணிக்காக வேலைநீக்கஞ் செய்யப்பட்டார். அதனைத் தொடர்ந்து, 1941 மே 29 இல் டிஸ்னியின் ஓவியத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். முடிவிற் சங்கம் அங்கீகாரம் பெற்றது. கோமாளிகளின் பாட்டு அவர்களையே கேலி செய்வதெனப் பலரும் கருதி வந்துள்ளனர். இவ்விரு பாட்டுகளும் படத்தை நலிவுறச் செய்தமைக்குக் காரணம் இசைக்குறை அன்று. தாயின் துன்பத்தை உணர்ந்த படம், தொழிலாளியின் துன்பத்தை உணர மறுத்தது.

இவ்வினாவையே கதைப்பொருளாக்கிய படமொன்று 1968 இல் யப்பானில் உருவாயிற்று. தோயெய் நிறுவனத்தின் தொழிற்சங்கப் போராட்டங்களிற் பங்குகொண்ட இசாவோ தகஹாத்தா இயக்கியதும், ஹயாவோ மியாசாக்கி உழைத்ததுமான 'சூரிய இளவரசன் ஹோரஸ்' அது. மீன்வளம் மீண்ட ஊரவர் ஒருங்குகூடிப் பாடுகின்றனர். அப்பாட்டு அவர்களை இணைக்கிறது. பின்னர் ஹில்டா என்ற பெண் வருகிறாள். அவளுடைய இனிய தனிப்பாடலில் மயங்கிய மக்கள் கைவேலையைக் கைவிட்டு நிற்கின்றனர், ஊர் தளர்கிறது. பாடல் மக்களை ஒன்றுதிரட்டவும் கூடும், உறங்க வைக்கவும் கூடும் என்ற உண்மையை இளையோர்க்கான படமொன்று இத்துணை நேர்மையாகக் காட்டியது நினைவிற் கொள்ளத்தக்கது. திரையரங்கில் அது நெடுநாள் ஓடவில்லை. எனினும் அதனை ஆக்கியோரின் பிற்காலச் சாதனைகளுக்கு அதுவே அடிகோலிற்று.

எனவே, பாடல் உண்டா இல்லையா என்பது கொண்டு ஒரு படத்தை மதிப்பிடுதல் பொருந்தாது. மாணவரோடு இத்தகைய படங்களைப் பார்க்க நேரும் ஆசிரியர்கள் அவர்களிடம் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். இந்தப் பாட்டை எடுத்துவிட்டால் கதை எதனை இழக்கும்? இதிற் பாடுவது யார், முகமின்றி நிற்பது யார்? முதலாவது வினா கலையைப் பற்றியது. இரண்டாவது நீதியைப் பற்றியது. இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பழகிய பிள்ளையை எந்த இனிய பாட்டும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.