சரசோட்டா டால்பின் ஆய்வும் தன்னார்வலர்களும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து மேற்குக் கரையை ஒட்டி, நீண்டு குறுகிய ஆழமற்ற கடற்பகுதியாகக் கிடப்பது சரசோட்டா விரிகுடா. அங்கு வாழும் புட்டிமூக்கு டால்பின்கள் 1970 முதல் ஆராயப்பட்டு வருகின்றன. கடலில் இயல்பாக வாழும் டால்பின் கூட்டமொன்றைப் பற்றி உலகிலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் ஆய்வு இது. சம்பளமின்றி உழைக்கும் கள உதவியாளர்களுக்குத் தொடக்கம் முதலே இதில் இடம் இருந்திருக்கிறது.

அதற்கு முன்பு டால்பின்களைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி தொட்டிகளிலிருந்தே வந்தது. 1938இல் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகருக்கு அருகே திறக்கப்பட்ட மரைன் ஸ்டுடியோஸ் காட்சியகத்தில் டால்பின்களின் நடத்தையைக் கண்ணாடி வழியே பார்த்தும் ஒலிகளைக் கேட்டும் குறித்தார்கள். கடலில் அது முடியவில்லை. மூச்சு விடும் சில நொடிகள் மட்டுமே நீருக்கு மேல் தெரியும் விலங்கு அது. நேற்றுப் பார்த்ததும் இன்று பார்ப்பதும் ஒன்றுதானா என்று சொல்ல வழி இல்லாதவரை, அதன் உறவையும் ஆயுளையும் பற்றிப் பேச இடமில்லை.

1970இல் பிளேர் இர்வின் என்ற ஆய்வாளர் சரசோட்டாவின் மோட் கடல் ஆய்வகத்தில் இருந்தபடி இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். அவருக்கு உதவ முன்வந்தவர்களில் ஒருவர் ராண்டல் வெல்ஸ். அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவர். 1970–71இல் 12 டால்பின்களைப் பிடித்து, முதுகுத் துடுப்பில் அடையாளச் சீட்டுகள் பொருத்தி விட்டார்கள். சீட்டுகள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் அடையாளமிட்ட டால்பின்கள் அதே நீர்ப்பரப்பில் திரும்பத் திரும்பத் தென்பட்டன. இவை வழிப்போக்கர்கள் அல்ல, அந்த விரிகுடாவிலேயே நிலையாகக் குடியிருப்பவை என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 1975–76இல் 47 டால்பின்களுக்கு அடையாளமிட்டு, சிலவற்றின் மேல் வானொலிக் கருவியும் பொருத்தி அந்த எண்ணத்தை உறுதிசெய்தார்கள். உதவியாளராக வந்த வெல்ஸ் பின்னாளில் ஆய்வுத் திட்டத்தின் தலைவரானார்.

இதே காலத்தில் இன்னொரு முறை உருவானது. அர்ஜென்டினாவின் சான் ஹோசே வளைகுடாவில் பெர்ன்ட் வுர்சிக், மெலனி வுர்சிக் தம்பதியினர் டால்பின்களைத் தொடாமலேயே, முதுகுத் துடுப்பின் பின்விளிம்பில் உள்ள வெட்டுகளையும் கிழிசல்களையும் படமெடுத்து, 53 டால்பின்களைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். 1977இல் இதன் முடிவுகள் வெளியாயின. சண்டை, சுறாக் கடி, தூண்டில் கயிறு போன்றவற்றால் ஏற்படும் இந்தத் தழும்புகள் பல ஆண்டுகளுக்கு மாறாமல் இருப்பவை. விலங்கைப் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கவும் ஒப்பிடவும் ஆட்கள் தேவை. தன்னார்வலர்களின் தேவை பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆள்பலத்தோடு பணமும் தன்னார்வலர்கள் வழியாக வந்தது. 1971இல் பாஸ்டன் நகரில் தொடங்கிய எர்த்வாட்ச் அமைப்பு, விஞ்ஞானிகளின் களப்பணிக்குப் பொதுமக்களை அனுப்பியது. அவர்கள் தங்கள் செலவோடு ஆய்வுச் செலவிலும் ஒரு பங்கைச் செலுத்தினார்கள். 1982 முதல் எர்த்வாட்ச் குழுக்கள் சரசோட்டாவுக்கு வரத் தொடங்கின. அரசு மானியங்கள் சில ஆண்டுகளில் முடிந்துவிடும். ஐம்பது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடிய விலங்கை ஆராய அது போதாது. அந்த இடைவெளியை நிரப்பியவற்றில் தன்னார்வலர் பங்களிப்பும் ஒன்று. 1989இல் சிகாகோ விலங்கியல் சங்கம் இந்தத் திட்டத்தைத் தன் பொறுப்பில் ஏற்றது.

கள உதவியாளரின் வேலை பார்ப்பதும் எழுதுவதும்தான். படகு மெல்லச் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டம் தென்பட்டதும் நேரம், இடம், நீரின் ஆழம், வெப்பம், உப்புத்தன்மை, டால்பின்களின் எண்ணிக்கை, குட்டிகளின் எண்ணிக்கை எல்லாம் படிவத்தில் ஏறும். ஒவ்வொரு துடுப்பும் படத்தில் பதியும்வரை படகு கூட்டத்தோடு நகரும். கரைக்கு வந்தபின் அந்தப் படங்களைப் பழைய தொகுப்போடு ஒப்பிடுவது இன்னும் நீண்ட வேலை. புதிதாக வந்தவர் சொல்லும் டால்பின் பெயரை அனுபவமுள்ள ஒருவர் சரிபார்த்த பிறகே அது பதிவாகும். முன்பு படச்சுருள்களை விளக்கு மேசையில் வைத்துச் செய்த வேலை இப்போது கணினித் திரைக்கு மாறியிருக்கிறது. மென்பொருள் பொருத்தமான துடுப்புகளை முன்வைத்தாலும் இறுதி முடிவு மனிதக் கண்ணுடையது.

உடல்நலப் பரிசோதனை நாட்களில் வேலை வேறு. ஆழமற்ற நீரில் சிறு கூட்டத்தை நீண்ட வலையால் வளைத்து, வலையைச் சுற்றி ஆட்கள் நின்றுகொள்வார்கள். வலைக்குள் சிக்கும் டால்பின் மூச்சுத் திணறாமல் உடனே தாங்கிப் பிடிப்பது அவர்கள் பொறுப்பு. கால்நடை மருத்துவர்கள் ரத்தம் எடுத்து, எடையும் நீளமும் பார்த்து விட்டுவிடுவார்கள். கடல் பாலூட்டிகளைக் காக்க 1972இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டத்தின்படி இதற்கு அரசு அனுமதி வேண்டும். ஒவ்வொரு டால்பினுக்கும் தனக்கே உரிய சீழ்க்கை உண்டு என்பதையும், அது ஆண்டுக்கணக்கில் மாறுவதில்லை என்பதையும் லேலா சாயி, பீட்டர் டயாக் ஆகியோர் இந்த நாட்களில் எடுத்த ஒலிப்பதிவுகள் காட்டின.

உதவியாளர்களைக் கொண்டு நெடுங்காலம் ஆராயும் இதே வழக்கம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் வேறு விதமாக வளர்ந்தது. மங்கி மியா கரைக்கு வந்து மனிதர் கையால் மீன் வாங்கித் தின்னும் டால்பின்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, 1982இல் ரிச்சர்ட் கானர், ரேச்சல் ஸ்மோல்கர் என்ற இளம் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். பின்னர் பல பல்கலைக்கழகங்களின் குழுக்கள் அங்கே முகாமிட்டன. மாணவ உதவியாளர்கள் பருவத்துக்குப் பருவம் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஆண் டால்பின்கள் இரண்டு மூன்றாகக் கூட்டணி சேர்வதும், சில பெண் டால்பின்கள் கடற்பஞ்சை மூக்கு நுனியில் மாட்டிக் கடலடியில் இரை தேடுவதும் அங்கே பதிவாயின. 2011இல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானபின் டால்பின்களின் உயிர்பிழைப்பு விகிதம் 12 விழுக்காடு குறைந்ததை 2019இல் வெளியான ஆய்வு எடுத்துக் காட்டியது. முந்தைய ஆண்டுகளின் பதிவுகள் இல்லாமல் இந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது.

சரசோட்டாவின் பதிவுகளும் அப்படியே பயன்பட்டன. 1984இல் முதலில் படமெடுக்கப்பட்ட நிக்லோ என்ற பெண் டால்பினின் வயதைப் பல்லின் வளர்ச்சி அடுக்குகளிலிருந்து கணித்திருந்தார்கள். 67 வயதிலும் அது உயிரோடு காணப்பட்டது. பெண் டால்பின் 48 வயதிலும் குட்டி போடும் என்பது இங்கிருந்தே தெரியவந்தது. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளையிடு மேடை வெடித்து எண்ணெய் கசிந்தபின், லூயிசியானாவின் பரடாரியா விரிகுடா டால்பின்களுக்கு நேர்ந்த பாதிப்பை அளக்க, எண்ணெய் படாத சரசோட்டா டால்பின்களே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.

தன்னார்வலர்களை நம்பும் இந்த வழக்கத்துக்கு ஒரு குறையும் உண்டு. பணம் கட்டியோ, பல மாதங்கள் சம்பளமின்றியோ உழைக்க எல்லாராலும் முடியாது. கடல் விலங்கியலில் வேலை கிடைப்பதற்குக் களப் பயிற்சி கேட்கப்படுகிறது. அந்தப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கே எளிதாகக் கைகூடுகிறது. உதவித்தொகையும் தங்குமிடமும் தந்தால்தான் இந்த வாசல் மற்றவர்களுக்கும் திறக்கும். டால்பின்களைப் பற்றி இன்று உறுதியாகச் சொல்லப்படும் பலவற்றின் அடியில், ஊதியம் வாங்காத பலர் நிரப்பிய படிவங்கள் இருக்கின்றன. அந்த உழைப்புக்கு உரிய கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இனி இந்தத் துறை செய்ய வேண்டியது.