மேடையிலிருந்து இசைத்தட்டுக்கு: ‘அன்னக்கிளி’ (1976) – ஒரு மறுவாசிப்பு

1976 மே 14 அன்று வெளிவந்த ‘அன்னக்கிளி’ இளையராஜா இசையமைத்த முதல் படம். தேவராஜ்–மோகன் இயக்கிய அப்படத்துக்குத் திரைக்கதையும் வசனமும் பாடல்களும் எழுதியவர் பஞ்சு அருணாசலம். இப்பாடல்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைச் சொல்லி வந்துள்ளனர்: இளையராஜா பிறந்த கம்பம் பள்ளத்தாக்கின் மண்ணில் கிடந்த பாட்டு ஒரு கலைஞன் வழியே திரைக்குள் நுழைந்தது. பாராட்டாகத் தோன்றும் இவ்விளக்கம், அந்தக் கலைஞன் பெற்ற பயிற்சியையும் செலுத்திய உழைப்பையும் மறைத்துவிடுகிறது. அரசியல் மேடைகளில் பழகிய ஓர் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டாக ‘அன்னக்கிளி’யைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மண் விளக்கத்தின் போதாமை

கிராமத்து மெட்டு தமிழ்த் திரைக்கு 1976இல்தான் வந்தது என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. கே.வி.மகாதேவன் ‘மக்களைப் பெற்ற மகராசி’யில் (1957) கொங்கு வட்டாரத்துப் பேச்சுக்கு இசைந்த பாடல்களைத் தந்திருந்தார். எம்.எஸ்.விஸ்வநாதன் ‘பட்டிக்காடா பட்டணமா’வில் (1972) மதுரைப் பக்கத்துத் துள்ளலைக் கொண்டுவந்திருந்தார். எனவே கிராமிய மெட்டு என்பது மட்டுமே ‘அன்னக்கிளி’யின் புதுமை ஆகாது.

மேலும், அந்த ஆக்கத்தில் சேர்ந்தவர்கள் பல ஊர்க்காரர்கள். படம் பிடிக்கப்பட்டது நீலகிரி மலையடிவாரத்துத் தெங்குமரஹாடாவில். பாடலாசிரியர் சிறுகூடல்பட்டிக்காரர். நாயகியின் நெஞ்சைத் திறந்து காட்டிய எஸ்.ஜானகி குண்டூர்ப் பகுதியில் பிறந்தவர், பி.சுசீலா விஜயநகரத்தவர். கம்பம் பள்ளத்தாக்கும் ஒற்றைக் குரல் கொண்டதன்று. கன்னடம் பேசும் காப்பிலியரும் தெலுங்கு பேசும் நாயக்கர்களும் நெடுங்காலமாக வாழும் நிலம் அது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்து நெல் விளைச்சல் பெருகிய பின்னும், மலைக்கு அப்பாலுள்ள ஏலக்காய், தேயிலைத் தோட்டங்களோடு கூலிக்கும் வணிகத்துக்குமான போக்குவரத்து ஓயவில்லை. கலப்பில் வளர்ந்த நிலத்திலிருந்து கலப்பற்ற ஓசையை எதிர்பார்ப்பது நம் விருப்பமே தவிர, அந்நிலத்தின் இயல்பு அன்று.

பாவலர் மேடை தந்த ஒழுங்கு

மண்ணைவிட உறுதியான சான்று மேடையில் இருக்கிறது. இளையராஜாவின் மூத்த சகோதரர் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சியின் பாடகர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் அக்கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வெற்றிபெற்றபோது, தோட்டத் தொழிலாளரான தமிழர்களிடையே பாவலரின் பாட்டுப் பரப்புரை பெரும் பங்காற்றியது. அந்தக் குழுவில் பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்ற தம்பியர் அடுத்தடுத்துச் சேர்ந்தனர். ராசையாவே பின்னாள் இளையராஜா. அமர்சிங் கங்கை அமரன் ஆனார். குரல் உடையும் முன் பெண்குரலில் பாடுவதே சிறுவன் ராசையாவின் பொறுப்பு.

கட்சி மேடை கச்சேரி மேடையைப் போன்றதன்று. எதிரே இருப்போர் நாள் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு, நாற்று நட்டுவிட்டு வந்தவர்கள். மெட்டு முதல் கேட்பிலேயே பிடிபட வேண்டும். சொல் கடைசி வரிசைவரை தெளிவாகச் சேர வேண்டும். பல்லவி திரும்பும்போது கூட்டம் தானே சேர்ந்து பாட வேண்டும். மக்களுக்குப் பழகிய மெட்டில் புதிய சொல்லை ஏற்றுவது பாவலரின் கைவந்த கலை. மெட்டின் எந்த இடத்தில் சொல் நிற்கும், எந்த இடத்தில் நழுவும் என்பதைத் தம்பியர் ஊர் ஊராகக் கற்றனர்.

இந்த ஒழுங்கு ‘அன்னக்கிளி’யில் கேட்கிறது. தலைப்புப் பாடல் ஜானகியின் தனிக்குரல் ஆலாபத்தோடு தொடங்குகிறது. பெரிய வாத்திய முன்னிசையால் கேட்பவரை ஈர்க்கும் வழக்கத்தை விட்டு, குரலை முதலில் நிறுத்திவிட்டு வாத்தியங்கள் பின்தொடர்கின்றன. ஐந்து பதிவுகளில் நான்கு பெண்குரலில் அமைந்தவை: ஜானகிக்கு மூன்று, சுசீலாவுக்கு ஒன்று. அன்றைய உச்ச நாயகர்களின் குரலாக விளங்கிய டி.எம்.சௌந்தரராஜனுக்குத் தலைப்புப் பாடலின் சோக வடிவம் மட்டுமே. பெண்ணின் நினைப்பும் உழைப்பும் ஏக்கமும் தொகுப்பின் நடுவே வைக்கப்பட்டதற்குக் கதை ஒரு காரணம். மேடையில் பெண்குரலைத் தன் தொண்டையிலேயே ஏந்தியிருந்த ஒருவர் அந்தக் குரலின் வீச்சை உள்ளிருந்து அறிந்திருந்தார் என்பது இன்னொரு காரணம்.

மெட்டுக்கு அடியில்

மேடை தந்தது பாதி. மீதி சென்னையில் சேர்ந்தது. 1960களின் இறுதியில் அங்கு வந்த ராசையா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைக் கற்றார், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து வாத்தியக் குழுவை ஆளும் முறையைப் பழகினார். எளிய மெட்டை எளிமையாகவே விட்டு, அதன் அடியிலும் இடையிலும் வேறு இழைகளை ஓடவிடும் பழக்கம் அங்கிருந்து வந்தது. பின்னாளில் அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ (1986) இசைத்தொகுப்பில் முழு உருவம் பெற்ற சிந்தனையின் வித்து ‘அன்னக்கிளி’யிலேயே இருக்கிறது.

‘அன்னக்கிளி’ வந்த அதே 1976இல், ஏப்ரலில், நியூயார்க்கின் ரமோன்ஸ் ராக் குழு தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. பின்னர் நியூ வேவ் எனப்பட்ட அலைக்கு வழிவிட்ட ஆக்கங்களுள் அது ஒன்று. பருத்துப்போன ராக் இசையை ஒருசில சுரக்கூட்டுகளுக்குச் சுருக்குவது அவர்களின் எதிர்ப்பு. சென்னையில் நடந்தது வேறு: மெட்டு பாமரருக்கு நெருங்கியது, அதன் கட்டுமானம் நுட்பமானது. புதுமைக்கு ஒரே திசைதான் என்ற எண்ணத்தை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் கைவிட வேண்டியிருக்கும்.

இழப்பின் கணக்கு

மேடை திரைக்கு வந்தபோது ஒன்று விடுபட்டது. பாவலர் 1973இல் மறைந்தார். படம் வந்த காலம் நெருக்கடிநிலைக் காலம். ‘அன்னக்கிளி’யில் பெண்கள் நெல் குத்துகிறார்கள், உலக்கையின் கதி தாளமாகிறது, குத்துக்கூலி பற்றிய கேள்வி இல்லை. உழைப்பின் ஓசை வந்தது, உழைப்பின் வழக்கு வரவில்லை. இதை இசையமைப்பாளரின் குறையாகக் கொள்வது நியாயமன்று. காதல் கதை கேட்டதை அவர் தந்தார். ஆனால் மண் விளக்கத்தை ஏற்றால் இந்த இழப்பே கண்ணில் படாது. மண்ணுக்குக் கட்சி இல்லை, மேடைக்கு உண்டு.

அடுத்த ஆண்டு இளையராஜாவின் இசையில் அல்லிநகரத்துப் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தது. தேனி வட்டாரத்தின் கொடை என இவ்வரிசையைப் போற்றுகிறோம். அந்தப் போற்றுதலுக்கு ஓர் ஆய்வுக் கடமையும் உண்டு. தேவிகுளத்திலும் போடியிலும் உத்தமபாளையத்திலும் பாவலர் குழுவைக் கேட்டவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் நினைவிலுள்ள மேடைப் பாட்டுகளை மெட்டோடு பதிவுசெய்து, ‘அன்னக்கிளி’யோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீடு இங்கு முன்வைத்த வாதத்தை உறுதிப்படுத்தலாம், திருத்தவும் செய்யலாம். எப்படியாயினும் முதலில் பதிவாக வேண்டியது அந்த மேடைதான்.