கருநீலச் சட்டையும் நொய்யல் ஆறும்

மலர்க் குழுவினர் "உன் பங்குக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது, நமது விடுதி ரசத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் இருந்தேன். நடுவில் சட்டை விவகாரம் வந்துவிட்டது.

ஒன்றுகூடலுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் தருவது என்று, கொட்டிவாக்கத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் நடந்த கூட்டத்தில் பேச்சு எழுந்தது. திருப்பூரில் சொல்லிச் செய்யலாம், கருநீலம்தான் எடுப்பாக இருக்கும் என்றார்கள். நம் சென்னிமலைக்கார நண்பன் மட்டும் "கருநீலம் வேண்டாம்டா" என்றான். அவன் குடும்பத்து நிலம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிறது. அவன் அன்று சொன்னதும், பிறகு நான் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்கென்று அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை 1992-இல் பயனுக்கு வந்தது. அதே காலத்தில்தான் திருப்பூரின் பனியன் ஏற்றுமதியும் மளமளவென்று வளர்ந்தது. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவு நீர் ஆற்றோடு வந்து அணையில் தேங்கியது. சில ஆண்டுகளிலேயே, "அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணை கட்டிக் கொடுத்த இடத்தில் இப்படி ஒரு கோரிக்கை வேறெங்காவது எழுந்திருக்குமா!

வேதியியல் படித்தவர்கள் ஒரு நிமிடம் நமது பழைய ஆய்வுக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் தானாகப் போய் ஒட்டாது. அதை நூலுக்குள் தள்ள உப்பு வேண்டும். சாதாரண உப்போ, சோடியம் சல்ஃபேட்டோ. கரு நிறம் என்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். எங்கள் கொட்டிவாக்கம் கடல் தண்ணீரிலேயே சுமார் 35 கிராம்தான். போட்ட உப்பில் துணியோடு போவது ஒன்றுமில்லை, அத்தனையும் கழிவு நீரில்தான்.

இங்கேதான் எல்லோரும் ஏமாந்தோம். தொண்ணூறுகளில் அமைத்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். கரைந்த உப்பு அப்படியே தங்கிற்று. அனுமதித்த அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். வெளியே போனதோ அதற்கு வெகு மேலே. "பாத்தா தெளிவாத்தான்டா இருக்கும், வாயில வெச்சாத்தான் தெரியும்" என்றான் நண்பன். கிணறு கெட்டது, மண் கெட்டது. உப்பேறிய போர் தண்ணீரோடு கடற்கரையில் குடித்தனம் நடத்தும் எனக்கு அதைப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடாத நிலைக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவிட்டது. பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் விவசாயிகள் பக்கம்தான் தீர்ப்பு. கழிவைக் குழாய் போட்டுக் கடலுக்கே கொண்டுபோய்விடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. (நல்ல யோசனை! கடலோரத்தில் இருக்கிற எங்களைக் கேட்டார்களோ?) கடைசியில் 2011 ஜனவரியில், 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. வேலை இழந்த தொழிலாளிகள் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் செய்த பாவம்தான் என்ன?

அதன் பிறகுதான் ஆர்.ஓ. சவ்வு வழியாக நீரைப் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கி, உப்பையும் மீட்டு மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறை வேரூன்றியது. இந்தப் பிரச்சினைக்கு இதைவிட நேர்மையான விடை எனக்குத் தெரியவில்லை. ஆனால் மின்சாரம், விறகு என்று செலவு கடுமை. அதைத் தவிர்க்க வேறு மாவட்டங்களில் திருட்டுத்தனமாகப் பட்டறை போட்டு மாட்டியவர்களும் உண்டு. ஒரு சட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டென்று நினைக்கிறேன். நாங்களும் பேரம் பேசத்தான் செய்தோம்.

சட்டை வெளிர் நீலம் என்று முடிவாகியிருக்கிறது. கருநீலத்துக்கு ஆகும் உப்பில் மூன்றில் ஒரு பங்கு போதும். துணிக்குச் சாயம் ஏற்றும் பட்டறை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது என்று கேட்டு எழுதி வாங்கிவரும் பொறுப்பை நண்பனே ஏற்றுக்கொண்டான். மத்தியானச் சாப்பாட்டில் சாம்பார் சிந்தினால் கறை பளிச்சென்று தெரியும், ஜாக்கிரதையாகச் சாப்பிடுங்கள்.