தைலமும் காலமும்

பெங்களூர் நகரின் மல்லேசுவரத்துக்கும் இராஜாஜிநகருக்கும் அண்மையில் அமைந்தது ஸ்ரீராம்புரம். தொழில் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பகுதி அது. 2014-ஆம் ஆண்டு முதல் அதன் ஓரமாக மெட்ரோ இரயில் ஓடுகிறது. ஊர் எவ்வளவு மாறினும், வெள்ளிக்கிழமைக் காலைகளில் அங்குள்ள சில சந்துகளில் சீயக்காயின் மணமும் காய்ச்சிய எண்ணெயின் மணமும் இன்றும் எழுவதுண்டு. அந்த மணத்துக்குப் பின்னே நெடிய வரலாறு ஒன்று இருக்கிறது. அதனை ஆராய நம்மைத் தூண்டியது நம் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே.

நம் இல்லத்துச் சிறுமி ஒருத்திக்கு டைபாயிடு காய்ச்சல் கண்டு நீங்கியது. உடல் தேறியது, பசி எடுத்தது, பள்ளிக்கும் சென்றாள். ஆனால் காய்ச்சல் நீங்கி மூன்றாம் மாதம், சீப்பை வைத்த இடமெல்லாம் கூந்தல் கற்றை கற்றையாக உதிரத் தொடங்கியது. “பாட்டி, என் முடி திரும்ப வருமா?” என்று அவள் கேட்டபோது, அக்கேள்விக்கு விடை கூற வீட்டில் எவருக்கும் துணிவில்லை. பாட்டி இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். அத்தையோ கடைக்குச் சென்று, பன்னிரண்டு மூலிகைகளின் படம் அச்சிட்ட தைலப் புட்டி ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்று சமாதானம் ஏற்பட்டது. இரண்டில் எது பலிக்கும் என்பதே வீட்டின் வழக்காயிற்று. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுமுன், தைலம் என்பது நம்மிடம் எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்போம்.

எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்தால் எள் நெய் என்றாகும். தைலம் என்ற வடசொல்லும் எள்ளைக் குறிக்கும் திலம் என்பதிலிருந்தே பிறந்தது. ஆகவே இரு மொழிகளிலும் முதற்கண் எண்ணெய் எனப்பட்டது எள்ளின் நெய்யே ஆகும். தேங்காய், ஆமணக்கு முதலியவற்றின் நெய்களெல்லாம் பின்னர் அப்பெயரைப் பெற்றன. கூந்தலைப் பேணுவதைப் பழந்தமிழர் ஒரு கலையாகவே வளர்த்தனர். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடும் காட்சியை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். பத்து வகைத் துவர்களும், ஐந்து வகை விரைகளும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகைகளும் ஊறிய நீரில், மணநெய்யுடன், அவள் கூந்தல் ஆட்டப்பெறுகிறது. பின்னர் நறும்புகையால் உலர்த்தப்பெறுகிறது. இத்துணைப் பொருள்களும் கூந்தலுக்கு மணமும் மென்மையும் அழகும் தருவதற்கே அங்குக் கூறப்படுகின்றன என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். உதிர்ந்த கூந்தலை மீட்பதாகக் காப்பியம் எங்கும் வாக்களிக்கவில்லை.

மருத்துவ நூல்கள் எண்ணெயை நாள்தோறும் ஒழுகும் ஒழுக்கத்தின் ஒரு பகுதியாகக் கண்டன. வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹிருதயம் உடலெங்கும் எண்ணெய் தேய்க்கச் சொல்லி, சிறப்பாகத் தலை, செவி, பாதம் ஆகியவற்றை மறவாதிருக்கப் பணிக்கிறது. தேரையர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவப் பாடலொன்று நான்கு நாளைக்கு ஒரு முறை எண்ணெய் முழுக்கை விதிக்கிறது. ஆடவர்க்குப் புதனும் சனியும், பெண்டிர்க்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று வழக்கம் நாள்களைப் பகுத்துக்கொடுத்தது.

இனி, பாட்டியின் சட்டிக்கு வருவோம். அவள் கையாண்டவை கரிசலாங்கண்ணிச் சாறு, நெல்லிக்காய்ச் சாறு, கறிவேப்பிலை, சிறிது வெந்தயம், தேங்காயெண்ணெய் ஆகியவையே. சிறு தீயில் நெடுநேரம் காய்ச்சும்போது சாற்றிலுள்ள நீர் ஆவியாகிப் பிரிகிறது. இலையின் பசுமையும் மணமும் எண்ணெயில் இறங்குகின்றன. நீர் முற்றும் நீங்காவிடின் எண்ணெய் சில நாளில் கெடும். ஆதலின் பதம் பார்ப்பதே இத்தொழிலின் உயிர். அடியிற் படியும் வண்டலை விரல்களுக்கிடையே உருட்டினால் அது திரியாகத் திரள வேண்டும்; அத்திரியை நெருப்பிலிட்டால் வெடிக்கும் ஓசையின்றி எரிய வேண்டும். நெய் காய்ச்சும்போது நுரை அடங்குவதும், தைலம் காய்ச்சும்போது நுரை எழுவதும் பதத்தின் அடையாளம் என்று ஆயுர்வேத நூல்கள் இலக்கணம் வகுத்துள்ளன. பாட்டி அந்நூல்களைக் கண்டதில்லை. ஆயினும் அதே சோதனைகளைச் செய்தாள். செய்பவரும் பூசிக்கொள்பவரும் ஒரே வீட்டார். எண்ணெய் கெட்டிருந்தால் மறுநாளே முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். இல்லத்துத் தைலத்துக்கு இந்த நேர்மைதான் முத்திரையாக இருந்தது.

தைலம் புட்டியில் புகுந்தபோது இவ்வுறவு மாறியது. இம்மாற்றம் நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகரில் ரோலண்டு என்பாரின் மக்காசர் எண்ணெய் பெரும் புகழ் பெற்றிருந்தது. பைரன் தம் காவியத்தில் அதனைக் கேலியாகக் குறிப்பிடும் அளவுக்கு அதன் விளம்பரம் பரவியிருந்தது. கனவான்களின் தலையெண்ணெய் நாற்காலிகளைக் கறைப்படுத்தியதால், சாய்மானத்தின்மேல் விரிக்கும் துணிக்கு ‘மக்காசர் தடுப்பு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெயரே தோன்றிவிட்டது.

நம் நாட்டில் இத்தொழிலுக்குத் தலைநகராக விளங்கியது கல்கத்தா. அங்குச் சந்திர கிஷோர் சென் என்ற வைத்தியர் 1878-இல் தொடங்கிய நிறுவனத்தின் ஜபாகுசும் தைலம் நாடெங்கும் சென்றது. செம்பருத்திக்கு வடமொழியில் வழங்கும் பெயரே ஜபாகுசுமம். அடுத்து வந்தவர் ஹேமேந்திர மோகன் போஸ். அவர் தம் கூந்தல் தைலத்துக்குக் குந்தளீன் என்று பெயரிட்டார். விற்பனையைப் பெருக்க அவர் கண்ட வழி விந்தையானது. 1896-இல் சிறுகதைப் பரிசு ஒன்றை நிறுவினார். கதையில் அத்தைலம் இடம்பெற வேண்டும். ஆனால் கதை விளம்பரமாகத் தோன்றலாகாது. இதுவே விதி.

முதலாண்டின் பரிசை வென்ற கதையைத் தம் பெயரை மறைத்து எழுதி அனுப்பியவர் யார்? கம்பியில்லா மின்னலைகளைக் கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் செய்து காட்டிய விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸே அவர். அவருடைய கதையின் நாயகர் காய்ச்சலில் விழுந்து எழுந்தவர். அதனால் தலைமயிர் உதிர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுகளே எஞ்சியவர். தீவு என்றால் என்ன என்ற பேச்சு வர, அவருடைய சிறு மகள் தந்தையின் தலையிலுள்ள அத்திட்டுகளையே சுட்டிக் காட்டுகிறாள். மருத்துவர் சொற்படி அவர் இலங்கைக்குக் கப்பலேறுகிறார். மகள் ஒரு தைலப் புட்டியைப் பெட்டியில் வைத்து அனுப்புகிறாள். நடுக்கடலில் பெரும்புயல் சீற, எண்ணெய் அலையை அடக்கும் என்று படித்தது நினைவுக்கு வந்து, அவர் புட்டியைக் கடலில் கவிழ்க்கிறார். கடல் அடங்குகிறது, கல்கத்தாவை நோக்கி வருவதாக அறிவிக்கப்பட்ட புயல் மாயமாய் மறைகிறது. வானிலை அறிஞர்கள் காரணம் புரியாமல் திகைக்கின்றனர். பின்னர் 1903-இல் இதே பரிசு சரத் சந்திரரின் ‘மந்திர்’ என்ற கதைக்கும் கிடைத்தது. ஒரு கூந்தல் தைலம் வங்க இலக்கியத்துக்குச் செய்த தொண்டு இது.

விஞ்ஞானியின் நகைச்சுவையில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. காய்ச்சலுக்குப் பின் உதிர்ந்த தலை, கையில் ஒரு புட்டி, அடங்கிய புயல்: ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது. பின்னது முன்னதனால் நிகழ்ந்ததா? வானிலை அறிஞர்களைத் திகைக்க வைத்த இக்கேள்விதான் நம் வீட்டு வழக்கிலும் மறைந்திருந்தது.

மீண்டும் பெங்களூருக்குத் திரும்புவோம். முதல் உலகப் போரின்போது சந்தனக்கட்டையை ஐரோப்பாவுக்கு அனுப்ப இயலாமற்போகவே, மைசூர் சமஸ்தானம் 1916-இல் பெங்களூரில் சந்தன எண்ணெய் ஆலையை நிறுவியது. இதற்கு முன்னோடியான ஆராய்ச்சி இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நடந்தது. 1918-இல் மைசூர் சந்தன சோப்பு பிறந்தது. 1957-இல் அச்சோப்புத் தொழிற்சாலை ஸ்ரீராம்புரத்துக்கு அண்மையிலுள்ள இராஜாஜிநகர்த் தொழிற்பகுதிக்கு இடம் பெயர்ந்தது. அங்கு விரலில் திரி உருட்டிப் பதம் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அளவிட்டுத் தரம் பார்த்தனர். எண்ணெயின் தூய்மையை இவ்வாறு அளந்துவிடலாம். ஆனால் தூய்மை வேறு, பயன் வேறு. தூய எண்ணெயும் பொய்யான வாக்குறுதியோடு விற்கப்படலாம் அன்றோ?

சட்டம் இதனை உணர்ந்தே செயற்பட்டது. 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் வரம்புக்குள் அழகுப் பொருள்கள் 1962-இலும், ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகள் 1964-இலும் கொண்டுவரப்பட்டன. தீர்ப்பதாக எந்த மருந்தும் பறைசாற்றலாகாத நோய்களின் பட்டியல் ஒன்று அச்சட்டத்தின் விதிகளில் உண்டு. புற்றுநோயும் குருட்டுத்தன்மையும் இடம்பெற்ற அதே பட்டியலில் வழுக்கையும், புதுமயிர் முளைப்பித்தலும் இடம்பெற்றுள்ளன.

நம் வீட்டுச் சிறுமியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் தைராய்டு நிலையையும் சோதிக்கச் செய்தார், குறையொன்றும் இல்லை. பின்னர் விளக்கினார். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, பின் சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து உதிர்கிறது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சல் வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்களிற் பல ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. ஆகவே இரண்டு மூன்று மாதம் கழித்து அவை ஒன்றாக உதிர்கின்றன. வேர் அழிவதில்லை. பெரும்பாலோர்க்கு ஆறு மாதத்தில் உதிர்வு தானே நின்று, புதுமயிர் எழுகிறது.

இங்கேதான் நாம் அனைவரும் ஏமாறும் இடம் இருக்கிறது. உதிர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் தைலத்தைத் தேடுகிறோம். அதற்குப்பின் நிகழவேண்டியது குறைவதே. தைலம் பூசினாலும் பூசாவிட்டாலும் காலம் தன் பணியைச் செய்கிறது. புகழோ புட்டிக்குச் செல்கிறது. பலித்த தலைகள் சாட்சி சொல்கின்றன. பலிக்காத தலைகள் வேறு புட்டியை நாடிப் போய்விடுகின்றன.

எனின், தைலத்தால் பயனே இல்லையா? அங்ஙனம் கூறுவதும் நேர்மையன்று. 2003-இல் மும்பை ஆய்வாளர் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் மயிரிழைகளில் சோதித்து வெளியிட்டனர். கழுவும்போதும் சீவும்போதும் மயிர் இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே. அதிலுள்ள லாரிக் அமிலம் இழையின் உள்ளே ஊடுருவுவதே காரணம் என்றனர். அவர்கள் எண்ணெய் விற்கும் நிறுவனமொன்றின் ஆய்வுக்கூடத்தினர் என்பதையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும். கரிசலாங்கண்ணியின் சாரம் எலிகளின் மயிரை விரைவில் வளரும் பருவத்துக்குக் கொணர்ந்ததாக 2008-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எலியின் முதுகு வேறு, மனிதர் தலை வேறு. ஆயினும் ஆராயத்தக்க செய்தியே. சுருங்கச் சொன்னால், எண்ணெய் இருக்கும் கூந்தலைக் காக்கும். போன கூந்தலை அழைத்துவரும் என்பதற்கு இன்னும் போதிய சான்றில்லை.

ஆதலின் மூலிகைத் தைலமொன்றைச் சோதித்துப் பார்க்க விரும்புவோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் நலம். முதலில் ஒரு துளியை முழங்கையின் உட்புறத்தில் தடவி, ஒரு நாள் பொறுத்து, அரிப்போ தடிப்போ இல்லை என்று காண்க. புட்டியின் முகப்பிலுள்ள இலைப் படத்தை விட்டு, பின்புறத்திலுள்ள பொருட்பட்டியலைப் படிக்க. அதில் பெரும்பகுதி கனிம எண்ணெயாக இருக்கக்கூடும். ஒரே சமயத்தில் இரண்டு தைலங்களை மாற்றி மாற்றிப் பூசலாகாது; நம் வீட்டார் செய்த பிழை அதுவே. மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளர்வதால், ஆறு மாதமேனும் பொறுத்தே முடிவு கூறுக. வட்ட வட்டமாக மயிர் உதிர்ந்தாலும், உதிர்வோடு சோர்வும் வெளிறலும் சேர்ந்தாலும், தைலத்தை நம்பி நாளைக் கழிக்காமல் மருத்துவரை அணுகுக. தைலம் தீங்கற்றதாகவே இருக்கலாம்; தைலத்தை நம்பிக் காத்திருக்கும் நாள்களில் உள்ளிருக்கும் நோய் வளர்ந்துவிடலாம்.

எட்டாம் மாதத்தில் நம் சிறுமியின் நெற்றியோரத்தில் குறுமயிர்கள் நெருக்கமாக எழுந்தன. வெற்றி தன் எண்ணெய்க்கே என்றாள் பாட்டி; தன் புட்டிக்கே என்றாள் அத்தை. மருத்துவர் கூறியதை நாம் இருவரிடமும் எடுத்துச் சொன்னோம். அத்தை அடுத்த புட்டி வாங்குவதை நிறுத்தினாள். பாட்டி மட்டும் நிறுத்தவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் அவள் எண்ணெயைச் சூடாக்கி, சிறுமியைத் தன் முன்னே அமர்த்தி, அரை நாழிகை தேய்த்துவிடுகிறாள். கூந்தல் உதிர்ந்த அம்மாதங்களில் அச்சிறுமி அஞ்சாமல் அமர்ந்திருந்த இடம் அது ஒன்றே. அதனை நிறுத்தச் சொல்ல நமக்கும் மனம் வரவில்லை.