ஏர்வாடிச் சங்கிலியும் அல்-பல்கீயின் நூலும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பிள்ளை உளவியல் படிக்க விரும்பினால், "பைத்தியம் பார்க்கிற படிப்பா?" என்று கேட்போர் நம் வீடுகளில் இன்றும் உண்டு. கிருஷ்ணன்கோவிலில் 1984-ல் பொறியியல் கல்லூரி எழுந்த பின், உயர்கல்வி என்றாலே பொறியியல் என்று பழகிவிட்ட வட்டாரம் இது. ஆயினும் மனத்துக்கு மருத்துவம் பார்க்கும் கல்வி நம் மரபுக்கு அந்நியமானதன்று.

கி.பி. 850 அளவில் பல்கு நகருக்கருகே பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலில் உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒருசேர ஆராய்ந்தார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் ஆகியவற்றைத் தனித்தனியே விளக்கினார். துயரத்தில் காரணம் தெரிந்தது, தெரியாதது என இருவகை கண்டார். காரணம் தெரியாததற்கு உடல்வழி மருத்துவம். தெரிந்ததற்கு, நோயுற்றவர் தம் எண்ணங்களைத் தாமே சீர்செய்வதும், பிறர் பேசி ஆற்றுவதும். இன்றைய பல்கலைக்கழக வகுப்பில் 'ஆற்றுப்படுத்தல்' எனக் கற்பிக்கப்படுவதன் கரு இதில் இருக்கிறது.

இந்தப் பெருமையோடு நின்றுவிட நமக்கு உரிமையில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தோரைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. துஆ கேட்டுச் சென்றது பிழையன்று. நோயாளியைக் கட்டிப்போட்டுக் காசாக்கியதே பிழை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அங்கே யார் நினைவூட்டினார்கள்?

பின்னாளில் ஏர்வாடியிலேயே 'தவா-துஆ' திட்டத்தின் கீழ் மனநல மருத்துவம் தரப்பட்டது. ஷிஃபாவை நாடி தர்காவுக்கு வருபவர் மருந்தையும் பெற்றுச் செல்லலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்தது.

சட்டம் வந்தால் போதாது, ஆள் வேண்டும். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916-லும், சென்னையில் 1940-களிலும் உளவியல் துறைகள் தோன்றிவிட்டன. நாம்தான் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறோம். இளங்கலை உளவியல், அதன்மேல் ஈராண்டு முதுகலை, அத்துடன் தேர்ந்தவர் மேற்பார்வையில் பயிற்சி என்று போகிறது இப்படிப்பு. மருத்துவ உளவியலாளராக வேண்டுமெனில் இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற படிப்பும் பதிவும் தேவை. சில வாரச் சான்றிதழைக் காட்டி 'கவுன்சலர்' பலகை மாட்டுவோர் பெருகிவிட்ட நாளில், சேர்க்கும் முன் பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.